அப்பாவின் கோபம் மகனின் ரத்தத்தில் இருக்கிறதா?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது.

அவருக்கு வயது 34. எட்டு வயதில் ஒரே மகன். கணவருக்கு முன்கோபம். மாதத்தில் ஓரிரு முறையாவது இவரை அடித்துவிடுகிறார். குடித்திருந்தால் அடி பலமாக விழுகிறது. போன மாதம் இவருடைய கைபேசியைச் சுவரில் வீசி உடைத்திருக்கிறார். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட, ஓங்கிய கையை இறக்கிவிட்டுப் போய்ச் சிரித்துப் பேசி அனுப்பியிருக்கிறார். மகன்மேல் அவர் இதுவரை கை வைத்ததில்லை. ஆனால் நடப்பதையெல்லாம் அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

கணவரின் அப்பா அடிதடி வழக்கில் சிறைக்குப் போனவர். "எங்க பரம்பரை ரத்தம் அப்படி, என்னால அடக்க முடியல" என்பது கணவர் வழக்கமாகச் சொல்லும் காரணம். "விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?" என்கிறார் மாமியார். இப்போது மகனும் பள்ளியில் அடிக்கத் தொடங்கியிருக்கிறான். வகுப்பில் சத்தமாக வாசிக்கும்போது தடுமாறியிருக்கிறான், சிரித்த பையனைத் தள்ளிவிட்டு உதட்டைக் கிழித்துவிட்டான். இது மூன்றாவது புகார். கணக்கில் கெட்டிக்காரன், வீட்டில் அம்மாவிடம் ஒட்டிக்கொண்டே இருப்பான். உறவினர்கள் "அப்படியே தாத்தாதான்" என்கிறார்கள். அவன் அடித்ததற்காக இவரும் ஒருநாள் அவனை அடித்துவிட்டு இரவெல்லாம் அழுதிருக்கிறார்.

'போர்வீரன் மரபணு' என்று ஒன்று இருப்பதாகவும், ஆக்ரோஷத்தில் "பாதி மரபு" என்றும் இணையத்தில் படித்து, எச்சில் மாதிரி அனுப்பும் சோதனைப் பெட்டியையும் வாங்கிவிட்டார். கேள்விகள் நான்கு. மகனுக்கு அந்தச் சோதனையைச் செய்யலாமா? கணவரால் உண்மையிலேயே அடக்க முடியாதா? ஆண் ஹார்மோனைக் குறைக்க ஊசி இருக்கிறதாமே, அது உதவுமா? என் மகன் தாத்தாவைப் போல ஆகிவிடுவானா?

அன்புள்ள சகோதரி,

நான்கு கேள்விகளில் ஒன்றுகூட உங்களைப் பற்றியது இல்லை. அடிபடுவது நீங்கள். அதனால் நீங்கள் கேட்காத கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மரபணுவுக்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் பாதுகாப்பு

அடிக்கும்போது அவர் எப்போதாவது உங்கள் கழுத்தைப் பிடித்து நெரித்திருக்கிறாரா? கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா? ஆயுதம் எதையாவது எடுத்திருக்கிறாரா? சமீபமாக அடி கூடியிருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் ஆபத்து பல மடங்கு அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தை நெரிப்பது இந்தப் பட்டியலில் மிக மோசமானது. வெளியே காயம் தெரியாமலே உள்ளே பாதிப்பு இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

வீட்டை விட்டு வெளியேறுவதா, வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் வெளியேறும் நாளும் அதைத் தொடர்ந்த சில வாரங்களும்தான் பல பெண்களுக்கு அதிக ஆபத்தான காலம். ஆகவே சண்டை நடக்கும்போது "நான் போகிறேன்" என்று அறிவித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். குடும்ப வன்முறைக்கு எதிராக உதவும் அமைப்பு ஒன்றிடமோ, இதில் அனுபவமுள்ள வழக்கறிஞரிடமோ முதலில் பேசுங்கள். அதை உங்கள் கைபேசியிலிருந்து செய்ய வேண்டாம். அடையாள ஆவணங்கள், மகனின் பள்ளிச் சான்றுகள், கொஞ்சம் பணம் ஆகியவற்றை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைத்துவிடுங்கள். காயம் பட்டால் மருத்துவரிடம் காட்டி, எப்படிப் பட்டது என்ற உண்மையைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நாளைக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்க நேர்ந்தால் அந்தப் பதிவுதான் உங்களுக்குத் துணை. அடிபடாமல் வாழும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கணவரின் பரம்பரை எதுவாக இருந்தாலும் அந்த உரிமை குறைந்துவிடாது.

இருவரும் சேர்ந்து ஆலோசகரிடம் போகலாம் என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அடி தொடரும்வரை அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே நீங்கள் மனம்விட்டுச் சொல்லும் ஒரு வார்த்தைக்கு வீடு திரும்பியதும் நீங்கள் விலை கொடுக்க வேண்டிவரும். உதவி வேண்டுமென்றால் அவர் தனியாகப் போகட்டும்.

அந்த மரபணு உண்மையில் என்ன?

இப்போது சோதனைப் பெட்டிக்கு வருவோம். நீங்கள் படித்தது முழுப் பொய்யில்லை, பின்னால் ஒரு நிஜக் கதை இருக்கிறது. நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தில் பல ஆண்கள் திடீர் ஆவேசம், தீ வைத்தல், பாலியல் அத்துமீறல் என்று நடந்துகொண்டார்கள். மரபியல் மருத்துவர் ஹான் புருன்னரும் அவருடைய குழுவும் ஆராய்ந்து, 1993இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். எம்ஏஓஏ என்ற மரபணு அந்த ஆண்களில் செயலற்றுக் கிடந்தது. செரடோனின், நோர்அட்ரினலின், டோபமைன் போன்ற வேதிப்பொருள்கள் மூளையில் வேலை முடிந்ததும் சிதைக்கப்பட வேண்டும். அதற்கான நொதியை உண்டாக்குவது இந்த மரபணு. ஆனால் அந்த ஆண்களுக்கு லேசான அறிவுத்திறன் குறைபாடும் இருந்தது. இப்படி முழுவதும் செயலிழந்த நிலை உலகிலேயே ஒரு சில குடும்பங்களில்தான் பதிவாகியிருக்கிறது. கணக்கில் கெட்டிக்காரனான உங்கள் மகனுக்கு அதைச் சந்தேகிக்க ஒரு காரணமும் நான் பார்க்கவில்லை.

விற்பனைக்கு வரும் சோதனைகள் பார்ப்பது வேறொன்றை. அதே மரபணு சிலரிடம் அதிகமாக வேலை செய்யும், சிலரிடம் குறைவாக வேலை செய்யும். குறைவாக வேலை செய்யும் வடிவத்துக்குத்தான் 'போர்வீரன் மரபணு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த வடிவம் அரிதானதே இல்லை. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்த ஆய்வில் ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவர்களிடம் இந்த வடிவம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிக்காமல் வேலை, குடும்பம் என்று வாழ்கிறவர்கள்.

அந்தத் தரவுகளை வைத்து அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மோஃபிட் ஆகியோர் 2002இல் வெளியிட்ட முடிவை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். அந்த மரபணு வடிவம் மட்டும் இருந்ததால் யாரும் வன்முறைக்காரர் ஆகிவிடவில்லை. சிறுவயதில் கடுமையான கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளானவர்களில், அந்த வடிவமும் இருந்தவர்களிடம்தான் பிற்காலத்தில் வன்முறை தெளிவாகக் கூடியிருந்தது. அன்பான வீட்டில் வளர்ந்தவர்களிடம் அந்த வடிவம் இருந்ததா, இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் சில இதை உறுதி செய்தன, சில செய்யவில்லை. ஆண்களைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் போக்கு நிற்கிறது, ஆனால் அளவில் சிறியது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை நிறுத்திய இடம் இன்னொன்று. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து மகனுக்கு என்று இந்த மரபணு இறங்கி வந்திருக்குமோ என்று பயப்படுகிறீர்கள். அதற்கு வழியே இல்லை. எம்ஏஓஏ இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஓர் ஆண் குழந்தை தன் ஒரே எக்ஸை அம்மாவிடமிருந்துதான் பெறுகிறான், அப்பா தருவது ஒய். ஆகவே உங்கள் மகனிடம் இந்த மரபணுவின் எந்த வடிவம் இருந்தாலும் அது உங்கள் வழியாக வந்தது. கணவர் வீட்டுப் பரம்பரைக்கு அதில் பங்கு இல்லை. உடனே பழியை உங்கள்மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். மேலே சொன்னபடி, மூன்றில் ஒருவரிடம் இருப்பதற்குப் பழி என்று ஒன்று கிடையாது.

சரி, ஆண் வழியாகவே போகும் ஒய் குரோமோசோமில் ஏதாவது இருக்குமா? இந்தச் சந்தேகமும் ஒரு காலத்தில் உலகையே ஆட்டியது. 1965இல் பட்ரிசியா ஜேக்கப்ஸும் சக ஆய்வாளர்களும் ஸ்காட்லாந்தில் ஒரு பாதுகாப்பு மனநல மருத்துவமனையில் இருந்த ஆண்களைப் பரிசோதித்தார்கள். கூடுதலாக ஒரு ஒய் உள்ளவர்கள் அங்கே எதிர்பார்த்ததைவிட அதிகம் இருந்தார்கள். பத்திரிகைகள் உடனே 'குற்றவாளிக் குரோமோசோம்' என்று எழுதின. அமெரிக்காவில் ஒரு கொலைகாரருக்கும் இரட்டை ஒய் என்று செய்தி பரவியது, பரிசோதித்தபோது அவருக்கு இருந்தது சாதாரண எக்ஸ்ஒய். பிறகு டென்மார்க்கில் 4,139 உயரமான ஆண்களைப் பரிசோதித்து 1976இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 12 பேருக்குத்தான் கூடுதல் ஒய். அந்தப் பன்னிரண்டு பேரில் சிலர் குற்றம் செய்திருந்தாலும் அவை பெரும்பாலும் சின்னத் திருட்டு மாதிரியானவை. வன்முறை நாட்டத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதற்குள் கூடுதல் ஒய்யோடு பிறந்த எத்தனையோ குழந்தைகளின் பெற்றோர் காரணமில்லாமல் நடுங்கிப் போயிருந்தார்கள். இன்று நீங்கள் நடுங்குவதைப் போல.

அதனால் முதல் கேள்விக்கு என் பதில்: சோதனை வேண்டாம். பலன் இல்லை என்பது ஒரு காரணம். எந்த முடிவு வந்தாலும் நாளைக்கு மகனுக்கு நீங்கள் செய்யவேண்டியதில் ஒன்றுகூட மாறாது. அதைவிட முக்கியம், அது அவனுடைய தகவல். ஒருமுறை ஏதோ ஒரு நிறுவனத்தின் கையில் போனால் யாரிடமெல்லாம் போய்ச் சேரும், வளர்ந்தபின் அவனுக்கு எதிராக எங்கே நீட்டப்படும் என்று உங்களால் சொல்ல முடியாது. சிகிச்சைக்கு உதவாத மரபணுச் சோதனையைக் குழந்தைகளுக்குச் செய்யாமல், அவர்கள் வளர்ந்து தாங்களே முடிவெடுக்கும்வரை பொறுத்திருப்பது மருத்துவ மரபியலில் பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. எச்சில் மாதிரியை இன்னும் அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அனுப்பாதீர்கள்.

"பாதி மரபு" என்று படித்தேனே?

இரட்டையர்களையும் தத்துக் குழந்தைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள், ஆக்ரோஷமான நடத்தையில் மனிதர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிக்கு மரபு காரணம் என்கின்றன. இதை நான் மறுக்கவில்லை. உயிரியலுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லும் ஆலோசகரை நம்பாதீர்கள் என்றுகூடச் சொல்வேன். ஆனால் 'உங்கள் மகனின் கோபத்தில் பாதி தாத்தாவுடையது' என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒரு பெரிய கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு அது, தனி ஒருவரைப் பற்றி அதில் எதுவும் இல்லை. சூழல் மாறினால் அந்தப் பாதி என்ற எண்ணும் மாறும். உங்கள் மாமியார் சொன்ன விதையையே எடுத்துக்கொள்வோம். சுரை விதையில் சுரைதான் முளைக்கும், சரி. ஒரே சாக்கிலிருந்து எடுத்த விதையில் ஒரு பிடியை நல்ல மண்ணிலும் ஒரு பிடியைக் களர் நிலத்திலும் போட்டால் இரண்டு கொடியும் ஒரே மாதிரி காய்க்காது. அந்த வித்தியாசத்துக்கு விதையைக் குறை சொல்லவும் முடியாது.

மரபு என்பது ஒரே மரபணுவும் இல்லை. ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்கொரு துளியாகச் சேர்ந்து, சட்டென்று கிளர்ச்சி அடைவது, பயம், பொறுமை, தூக்கம், கவனம் என்று சுபாவத்தின் பல பக்கங்களைத் தொடுகின்றன. இதே சுபாவத்தோடு பிறந்து தீயணைப்பு வீரர் ஆனவரும் உண்டு, மேடையில் முழங்குகிறவரும் உண்டு.

ஹார்மோனைக் குறைக்கும் ஊசி

வேண்டாம். எட்டு வயதுப் பையனின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் மிகவும் குறைவு, பருவ வயதில்தான் அது ஏறும். அவன் கோபத்துக்கு அதைக் குற்றம் சாட்ட முடியாது. வளர்ந்த ஆண்களிடமும் இந்த ஹார்மோன் அளவுக்கும் அடிதடிக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. போட்டியும் மோதலும் வரும்போது ஹார்மோன் ஏறுகிறது, அதாவது சில சமயம் சண்டைதான் முன்னால், ஹார்மோன் பின்னால்.

சூரிச்சில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெண்கள் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோனையும் சிலருக்கு ஹார்மோன் இல்லாத போலி மருந்தையும் கொடுத்து, பணத்தைப் பங்கு போடும் ஒரு விளையாட்டை ஆட வைத்தார்கள். ஹார்மோன் பெற்றவர்கள் நியாயமாகவே பங்கு கொடுத்தார்கள், மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே கொடுத்தார்கள். எது கொடுக்கப்பட்டிருந்தாலும் சரி, தனக்கு டெஸ்டோஸ்டிரோன்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று நம்பியவர்கள் நியாயமில்லாமல் நடந்துகொண்டார்கள். இது ஒரு சிறு விளையாட்டு, வாழ்க்கை முழுவதற்கும் இதை நீட்ட முடியாது. ஆனாலும் "அப்படியே தாத்தாதான்" என்று ஒரு குழந்தையின் காதுபட வாரத்துக்கு நான்கு முறை சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லிக் காட்ட எனக்கு ஆசை. தன் உடம்புக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்து தன்னை ஆட்டுவிக்கிறது என்று நம்பும் குழந்தை, தன்னைத் தானே நிறுத்திப் பார்க்க முயற்சி செய்யாது.

கணவரால் அடக்க முடியாதா?

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. கதவு தட்டப்பட்டதும் ஓங்கிய கை இறங்கியது. உடைந்தது உங்கள் கைபேசி, அவருடையதில்லை. வேலை செய்யும் இடத்தில் யாரையும் அடித்ததாக நீங்கள் எழுதவில்லை. மகனைத் தொடாமல் உங்களை மட்டும் அடிக்கிறார். யாரை அடிக்கலாம், எப்போது நிறுத்தவேண்டும் என்று அவருடைய மூளை கணக்குப் போடுகிறது, அதுவும் சரியாகவே போடுகிறது.

அமிக்டலா என்ற பகுதி ஆபத்தைக் கண்டதும் எச்சரிக்கை எழுப்பும், நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை அதை எடைபோட்டு நிதானப்படுத்தும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த எச்சரிக்கை சீக்கிரம் எழும். குடி முன்மூளையின் பிடியைத் தளர்த்தும், அதனால்தான் குடித்த நாளில் அடி பலமாகிறது. தலையில் அடிபட்டவர்களுக்கும் மூளையில் கட்டி வந்தவர்களுக்கும் சுபாவமே மாறிப்போவதுண்டு. ஆனால் அப்படிப்பட்டவர்கள் ஆள் பார்த்து, இடம் பார்த்து அடிப்பதில்லை. கோபம் சீக்கிரம் வருவது உங்கள் கணவரின் சுபாவமாக இருக்கலாம். உங்களை அடிப்பது அவர் ஒவ்வொரு முறையும் செய்யும் தேர்வு.

நீதிமன்றங்கள்கூட இதை எதிர்கொண்டிருக்கின்றன. 2009இல் இத்தாலியின் திரியெஸ்டே நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், கொலைக் குற்றவாளி ஒருவருக்கு இந்த மரபணு வடிவம் இருப்பதையும் கருத்தில்கொண்டு தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. மரபியல் அறிஞர்கள் பலர் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். குறைத்த அந்த நீதிமன்றமும் அவரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிடவில்லை.

அவர் உண்மையிலேயே மாற விரும்பினால் வழி உண்டு. குடியை நிறுத்தச் சிகிச்சை, மனநல மருத்துவரின் மதிப்பீடு, வன்முறை செய்யும் ஆண்களுக்கென்று நடத்தப்படும் தொடர் பயிற்சி. திடீரென வெடிக்கும் கோபம் உள்ள சிலருக்கு செரடோனின் சார்ந்த மாத்திரைகள் ஓரளவு உதவுகின்றன. தேர்ந்தெடுத்து ஒருவரை மட்டும் அடிக்கும் பழக்கத்துக்கு மாத்திரை கிடையாது. "இனிமேல் மாட்டேன்" என்ற வாக்குறுதியை வைத்து உங்கள் முடிவை எடுக்காதீர்கள். மாதக்கணக்கில் என்ன நடக்கிறது என்பதை வைத்து எடுங்கள், அதுவரை உங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றையும் தளர்த்தாதீர்கள்.

மகனைப் பற்றி

"மகன்மேல் கை வைத்ததில்லை" என்று நீங்கள் ஆறுதலாக எழுதிய வரியில்தான் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. அம்மா அடிபடுவதைப் பார்ப்பதே ஒரு குழந்தைக்குக் காயம். லண்டனில் ஈமன் மெக்ரோரியின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், குடும்ப வன்முறையை எதிர்கொண்ட குழந்தைகளின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். கோபமான முகங்களைக் கண்டபோது அவர்களின் அமிக்டலாவும், உடலின் உணர்வை அறியும் இன்சுலா என்ற பகுதியும் மற்றக் குழந்தைகளைவிட அதிகமாகத் துடித்தன. போர்முனையில் இருந்த வீரர்களிடம் காணப்பட்ட அதே மாதிரி. அந்தக் குழந்தைகளுக்கு மனநோய் எதுவும் இருக்கவில்லை. ஆபத்து நிறைந்த வீட்டுக்கு ஏற்றபடி அவர்களின் மூளை விழிப்பாக இருக்கப் பழகிக்கொண்டது, அவ்வளவுதான். அப்படிப் பழகிய மூளையோடு ஒரு பையன் வகுப்பில் எழுந்து நிற்கிறான், வாசிக்கத் திணறுகிறான், ஒருவன் சிரிக்கிறான். மற்றவர்களுக்குக் கேலியாகப் படுவது அவனுக்குத் தாக்குதலாகப் படுகிறது. கை முந்திக்கொள்கிறது.

இதையும் உயிரியல் என்றுதான் நான் சொல்வேன். உயிரியல் என்றாலே பிறப்போடு முடிந்துபோனது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தினமும் வீட்டில் நடப்பதும் மூளைக்குள்தான் பதிகிறது. வீடு அமைதியானால் அதுவும் பதியும்.

இன்னொரு செய்தி உங்களுக்குத் தெம்பு தரும். கனடாவின் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே தொடர்ந்து கவனித்தார். அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் உச்சத்தில் இருப்பது இரண்டு, மூன்று வயதில், பிறகு பெரும்பாலானவர்களிடம் படிப்படியாகக் குறைகிறது. அதாவது அடிப்பது எப்படி என்று குழந்தைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அடிக்காமல் இருக்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள். உங்கள் மகன் அந்தப் பாடத்தில் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறான். எட்டு வயதில் தாராளமாக ஈடுகட்டலாம்.

அவனுடைய கோபம் எந்த வகை என்பதையும் கவனியுங்கள். ஒன்றை அடைவதற்காகத் திட்டமிட்டு, அமைதியாக ஒருவரைத் துன்புறுத்தும் குழந்தை எங்களை அதிகம் கவலைப்பட வைக்கும். சீண்டப்பட்டு, அவமானப்பட்டு வெடிக்கிறவன் வேறு. நீங்கள் விவரித்திருப்பது இரண்டாவது வகை, பயத்துக்கும் வெட்கத்துக்கும் மிக அருகில் இருப்பது.

அப்புறம், கணக்கில் கெட்டிக்காரனான ஒருவன் வாசிப்பில் மட்டும் ஏன் தடுமாறுகிறான்? தாத்தாவைப் பற்றி நான்கு பக்கம் எழுதிய நீங்கள் இதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது இதுதான். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கலாம், பார்வையிலோ கேட்பதிலோ சின்னப் பிரச்சினை இருக்கலாம், கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஎச்டி இருக்கலாம். தூக்கம் போதாமல்கூட இருக்கலாம், சத்தம் நிறைந்த வீட்டில் குழந்தைகள் சரியாகத் தூங்குவதில்லை. இவை எல்லாவற்றையும் பரிசோதித்துக் கண்டுபிடிக்க முடியும், பெரும்பாலானவற்றுக்கு நல்ல உதவியும் உண்டு. தலையில் பலமாக அடிபட்டதோ, வலிப்போ, சில விநாடி நினைவு தப்பியதோ உண்டா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யவேண்டியது அதிகமில்லை. அவனை அடிக்காதீர்கள். ஒருநாள் அடித்ததற்காக உங்களை வதைத்துக்கொள்ளவும் வேண்டாம், "அன்னைக்கு அம்மா அடிச்சது தப்பு" என்று அவனிடமே சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் தப்பை ஒப்புக்கொள்வதை அந்த வீட்டில் அவன் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கோபம் வந்தும் கையை அடக்கிய ஒவ்வொரு தடவையும், அது எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும், உடனே கண்டு பாராட்டுங்கள். அடித்தால் என்ன விளைவு என்பதை முன்கூட்டியே சொல்லி, சிறியதாக, தவறாமல் நடைமுறைப்படுத்துங்கள். கோபம் ஏறும்போது உடம்பில் எங்கே தெரிகிறது என்று அமைதியான நேரத்தில் கேட்டுப் பாருங்கள். காது சூடாகிறது, கை முறுக்குகிறது என்று குழந்தைகள் துல்லியமாகச் சொல்வார்கள். அந்த அடையாளம் தெரிந்ததும் இடத்தை விட்டு நகர்ந்து ஆசிரியரிடம் போகலாம் என்று பழக்குங்கள், அதற்கு ஆசிரியரின் சம்மதத்தையும் முன்பே வாங்கிவையுங்கள்.

"நானும் தாத்தா மாதிரி ஆயிடுவேனாம்மா?" என்று அவன் ஏற்கெனவே ஒருமுறை கேட்டதாகவும், நீங்கள் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மறுபடி கேட்டால் மாற்றாதீர்கள். "உனக்குக் கோபம் சீக்கிரம் வருது, அது உன் தப்பு இல்ல. கோபம் வந்தப்ப என்ன செய்யறதுன்னு கத்துக்கலாம், நானும் உன்கூடக் கத்துக்கறேன். தாத்தாவுக்கு அதை யாரும் சொல்லித்தரல" என்று சொல்லலாம். உறவினர்களிடம், தாத்தா ஒப்பீட்டை அவன் முன்னால் பேசக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மாமியாரை மாற்ற முடியாவிட்டாலும், அவர் சொல்வதை நீங்கள் ஏற்கவில்லை என்று மகனுக்குத் தெரிய வேண்டும்.

நான்காவது கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். அவன் தாத்தாவைப் போல ஆவான் என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் ஆதாரம் கிடையாது. வன்முறையைப் பார்த்து வளர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் வன்முறை செய்கிறவர்கள் ஆவதில்லை. அபாயம் கூடுகிறது என்பது மட்டும் உண்மை. அதைக் கூட்டுவதில் உங்களால் மாற்றக்கூடிய மிகப் பெரிய காரணம், அந்த வீட்டில் நடக்கும் அடி. அதனால்தான் உங்கள் பாதுகாப்பை முதலில் எழுதினேன். மகனுக்காகப் பொறுத்துப் போகிறேன் என்று நீங்கள் எழுதியதை மட்டும் தயவுசெய்து மறுபடி யோசித்துப் பாருங்கள். அவனுக்கு நீங்கள் தேடும் சிகிச்சையில் பெரும்பகுதி, அம்மா அடிபடாத ஒரு வீடு.

இந்த வாரம் வகுப்பாசிரியரைச் சந்தித்து, மூன்று சம்பவங்களும் எந்தப் பாட வேளையில் நடந்தன, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்றும் வாசிப்பு வேளையையே சுட்டினால் நான் வியப்படைய மாட்டேன். அதுவரை அவனை எழுப்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள், வாசிப்புத் திறன் மதிப்பீட்டையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் நடப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: குழந்தை வன்முறைச் சூழலில் இருக்கிறான் என்று தெரிந்தால் பல இடங்களில் மருத்துவர் அதை உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஆகவே பேச்சைத் தொடங்கும் முன்பே, "நான் சொல்வதில் எதை நீங்கள் வெளியே சொல்ல வேண்டியிருக்கும்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.